பதினெட்டு லிட்டர்

ஃபகாஓஃபோ தீவு,
5 மார்ச் 1990

அன்புள்ள ஹினாவுக்கு அண்ணி அகெனேஹே எழுதுவது.

மாலோ நி, வணக்கம். உன் அண்ணனும் நானும் நலம். நீயும் உன் அத்தையும் தூரத்துப் பொரிருவா நகரக் குளிரில் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாலைச் செபத்தில் சொல்கிறோம்.

புயலைப் பற்றி அங்கே கேள்விப்பட்டிருப்பாய். உயிருக்கு ஒன்றுமில்லை. சமையல் குடிசை போயிற்று, என் தையல் மெஷின் போயிற்று, பன்றிகளில் பாதி போயின. அலை ஊருக்குள் ஏறிப் பெட்ரோல் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருப்பதைப் பெரியவர்கள் பூட்டிவைத்து, மீன் பங்கிடுவது போல அளந்து கொடுக்கிறார்கள். வானொலிக் கம்பமும் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்துத் தீவு நுகுநோனுவில் என் அம்மா எப்படி இருக்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. புதுக் கம்பம் அடுத்த கப்பலில் வருமாம். வரட்டும், பார்க்கலாம்.

"தங்கச்சி என்ன படிக்கிறா?" என்று யாராவது கேட்டால் உன் அண்ணன், "வானத்துக்குக் கப்பல் விடுறா" என்கிறார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். எங்களுக்கும் விளங்குகிற மாதிரி எழுது. அவருக்குப் பேனா பிடித்தால் கை வலிக்குமாம். தூண்டில் பிடித்தால் வலிக்காது. ஆகவே எழுத்து வேலை என் தலையில்.

வேளைக்குச் சாப்பிடு. கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

அகெனேஹே

பொரிருவா,
22 மார்ச் 1990

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணாவுக்கும்,

நான் நலம். அத்தைக்கு முட்டிவலி, ஆனால் வாய்க்கு ஒன்றுமில்லை. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஐந்து வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பல்கலைக்கழகங்களுக்குள் ஒரு போட்டி. அதில் எங்கள் வேலை இதுதான். நெப்டியூன் என்று ரொம்ப தூரத்தில் ஓர் உலகம். அங்கே ஒரு கலம் போக வேண்டும். நேராகப் போனால் அதற்கான எரிபொருளைத் தூக்கவே இன்னொரு கலம் வேண்டும். அதனால் நாங்கள் ஒரு திருட்டு வேலை செய்கிறோம். வழியில் இருக்கிற வியாழன் பக்கமாகக் கலத்தை விழவிடுகிறோம். அது இழுக்கும். இழுத்த வேகத்தோடு வளைந்து நழுவி மேலே போய்விடுவோம். எஞ்சின் அணைந்தே இருக்கும். என்றைக்குக் கிளம்பி எவ்வளவு கிட்டே உரசினால் எரிபொருள் மிச்சம் அதிகம் என்று கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான வழிகளைத் தேடிப் பார்க்கும்.

குழுவில் நாங்கள் மூன்று பேர். ஸ்டூவர்ட் என்னைக் கேலி செய்கிறான்: "உங்க ஊர்ல பெட்ரோலக் கரண்டியில அளந்து குடுப்பாங்களாமே, அதான் உனக்கு இவ்வளவு கஞ்சத்தனம்!" மரீ சிரிக்கிறாள். சிரிக்கட்டும், மற்றப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் விட எங்கள் வழிதான் இப்போதைக்குச் சிக்கனம். மே 25 அன்று நடுவர்கள் முன்னால் பேச வேண்டும்.

அண்ணனின் இருமல் எப்படி? உங்கள் அம்மாவைப் பற்றித் தெரிந்ததும் எழுதுங்கள்.

உங்கள் ஹினா

ஃபகாஓஃபோ,
18 ஏப்ரல் 1990

அன்புள்ள ஹினா,

நலம், நலமறிய ஆவல். இருமல் போய்விட்டது. கம்பம் வரவில்லை, அடுத்த கப்பலாம்.

உன் கடிதத்தை உன் அண்ணன் என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னார். "எஞ்சின் அணைந்தே இருக்கும்" என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி, "அங்க நிறுத்து, இன்னொரு தடவை" என்றார். மறுநாள் படகுத்துறை முழுக்க அதே பேச்சு. "என் தங்கச்சி எஞ்சினே போடாம நெப்டியூனுக்குப் போறா. நீங்க இங்கேர்ந்து அங்க போறதுக்குள்ள ரெண்டு கேன் குடிச்சுடுறீங்க!"

கப்பல்காரர்கள் என் அம்மா பற்றிச் சொன்னார்கள். புயலில் காலில் தகரம் வெட்டிய காயம், இன்னும் ஆறவில்லையாம். வயதானவள், அப்படித்தான் இருக்கும்.

உன் அண்ணன் ஒரு விளையாட்டுக் கேள்வி கேட்கச் சொன்னார். உங்கள் கம்ப்யூட்டருக்கு வானம் மட்டும்தான் தெரியுமா, கடலும் தெரியுமா? இங்கிருந்து நுகுநோனுவுக்கு அறுபத்து நான்கு கிலோமீட்டர். நம் அலுமினியப் படகு, இருபத்தைந்து குதிரைச் சக்தி எஞ்சின். நீரோட்டமும் காற்றும் மேற்கே இழுக்கும். வேகம் உனக்கே தெரியும். எவ்வளவு குறைந்த பெட்ரோலில் போகலாம்? சும்மாதான் கேட்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அகெனேஹே

பொரிருவா,
4 மே 1990

அன்புள்ள அண்ணி,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் அம்மாவின் காலை உப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லி விடுங்கள்.

அண்ணனின் கேள்வியை நெப்டியூனுக்கு எழுதிய அதே கம்ப்யூட்டர் நிரலில் போட்டேன். வியாழன் இருந்த இடத்தில் நுகுநோனு. வியாழனின் இழுப்புக்குப் பதில் நீரோட்டம். மரீ பார்த்துவிட்டு, "இதையும் போட்டியில சேர்த்துடலாம்டி" என்றாள். விடை என்ன தெரியுமா? பதினெட்டு லிட்டர்! வெளுக்கும் நேரம் கிளம்பி, நான் கீழே எழுதியிருக்கிற திசையில் மெதுவாக ஓட்ட வேண்டும். பகல் பதினொன்றுக்கு எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மூன்றரை மணி நேரம் நீரோட்டமே கொண்டுபோகும். கடைசியில் ஊர்த்துறைக்குள் நுழைய மட்டும் கொஞ்சம்.

அண்ணனிடம் சொல்லுங்கள், நான் அடித்துச் சொல்கிறேன்: பதினெட்டுக்கு மேல் ஒரு துளி வேண்டாம். இந்த வெற்றியைப் படகுத்துறையில் அவர் எப்படிச் சொல்வார் என்று நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

செபத்தில் என் மே 25-ஐ மறக்காதீர்கள்.

உங்கள் ஹினா

பொரிருவா,
25 மே 1990

அண்ணி,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். இதற்கு முந்தைய கடிதமும் இதுவும் ஒரே பையில் வந்தால் இதை முதலில் படியுங்கள். அந்தப் பதினெட்டு லிட்டர் தப்பு. அண்ணா விளையாட்டுக்குக்கூட அப்படிப் போகக் கூடாது.

இன்று நடுவர்கள் முன்னால் பேசி முடித்தேன். கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் நடுவர் கேட்டார்: "வியாழனோட மேல்பரப்பிலேர்ந்து எவ்வளவு தூரத்துல போறீங்க?" தாளைப் புரட்டினேன். அந்த எண் எங்கேயும் இல்லை. கையில் போட்டுப் பார்த்தேன். எங்கள் கலம் வியாழனுக்குள்ளே புகுந்து மறுபக்கம் வெளியே வந்திருக்கிறது. நிரலில் வியாழன் வெறும் ஒரு புள்ளி, அண்ணி. அதற்கு உடம்பே வைக்கவில்லை. கிட்டே போகப் போக மிச்சம் கூடுகிறது என்று கம்ப்யூட்டர் உள்ளேயே புகுந்துவிட்டது. உலகத்திலேயே சிக்கனமான வழி!

கூடம் முழுக்கச் சிரித்தது. ஸ்டூவர்ட்டும் சிரித்துவிட்டான். "விடு ஹினா, கலத்துல ஆளா இருக்காங்க?" என்றான். எனக்கு அப்போதுதான் நம் படகு ஞாபகம் வந்தது.

நுகுநோனுவும் புள்ளிதான். ஊர் இருக்கும் மேற்குக் கரையில் ஒரு புள்ளி வைத்தேன். கிழக்கே அலை மோதும் பவளப்பாறையை வைக்கவில்லை. சுற்றிப் போகிற தூரத்தை வைக்கவில்லை. நான் அங்கே மூன்று வாரம் தங்கியவள். அந்தத் தீவு எவ்வளவு பெரியது என்று என் காலுக்குத் தெரியும். கணக்கில் மட்டும் அது இல்லை.

அப்பியா துறைமுகத்திலிருந்து உங்கள் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று கேட்டேன். நாளைக் காலையாம். இந்தக் கடிதம் அதைப் பிடிக்காது. தந்தி கொடுக்கப் போனேன். இரண்டு தீவிலும் கம்பம் இல்லை, வாங்க மாட்டோம் என்கிறார்கள்.

சும்மாதானே கேட்டீர்கள்? சும்மாதான் என்று எழுதியிருந்தீர்கள்.

ஹினா

ஃபகாஓஃபோ,
28 மே 1990

அன்புள்ள ஹினா,

மாலோ நி. நாங்கள் நலம். கப்பல் மாலையில் கிளம்பிவிடும், அவசரமாக எழுதுகிறேன். நீ எழுதியது காலையில் கிடைத்தது. பதினெட்டு என்று படித்ததும் உன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். நான்கு தடவை படித்தேன். திசை எழுதிய பக்கத்தைத் தனியாகக் கிழித்து வாங்கிக்கொண்டார்.

என் அம்மாவின் கால் மோசமாம். நம் ஊர் மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். கப்பலில் ஏற்றினால் அப்பியா போய்ச் சுற்றிவர ஆறு வாரம். படகில் போனால் மூன்று நாளில் திரும்பலாம். திரும்பி வர அந்த ஊர் பெட்ரோல் தரும், அவர்கள் பீப்பாய்கள் தப்பித்தன. போவதற்குப் பெரியவர்கள் நாற்பது லிட்டர் ஒதுக்கியிருந்தார்கள். உன் அண்ணன் நேராகப் போய் இருபத்திரண்டு லிட்டரைப் பொதுப் பங்குக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஊரே உன்னைப் புகழ்கிறது. "வச்சுக்கோப்பா, கையில இருக்கட்டும்" என்று ஒரு பெரியவர் சொன்னாராம். "தங்கச்சி ஒரு துளி வேணாம்னுட்டா. அதுக்கு மேல எடுத்தா அவ சொல்ல நான் நம்பலேன்னு ஆயிடும்" என்றாராம். தங்கை சொன்ன பிறகு பேச இந்தத் தீவில் எந்த அண்ணனுக்கு வாய் இருக்கிறது? பெண்டாட்டி சொன்னால் மட்டும் ஆயிரம் கேள்வி.

நாள் குறிக்கவில்லை. படகைக் கழுவிக்கொண்டிருக்கிறார். உன்னிடம் ஒன்று கேட்க நினைத்தேன். அவரே பதில் சொல்லிவிட்டார், வேண்டாம்.

பரீட்சை நல்லபடி முடிந்திருக்கும் என்று நம்புகிறோம்.

அகெனேஹே

பொரிருவா,
11 ஜூன் 1990

அண்ணி,

உங்கள் 28-ஆம் தேதிக் கடிதம் இன்று வந்தது. அத்தை படித்துவிட்டு, "அடேயப்பா, உன் பேரு ஊர்ல கொடி கட்டிப் பறக்குதே" என்றாள். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் இதை எழுதும்போது அண்ணன் போயிருப்பார், அல்லது போயிருக்க மாட்டார். நீங்கள் இதைப் படிக்கும்போது அது முடிந்துபோன விஷயம். இருந்தும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. தாளை எடுத்துச் சுற்றிப் போகிற தூரத்தைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். குறைந்தது முப்பது லிட்டர் வேண்டும். காற்று அதிகமானால் அதற்கும் மேல். பதினெட்டில் போனால் கிழக்குப் பாறையின் வெள்ளை நுரை தெரிகிற இடத்தில் எஞ்சின் நிற்கும். பாறையில் மோதாமல் விலகினால் அதற்கப்பால் மேற்கே ஒன்றுமே இல்லை. எவ்வளவு தூரம் ஒன்றும் இல்லை என்று வரைபடத்தில் அளந்து பார்த்தேன். அளந்திருக்கக் கூடாது.

நீங்கள் கேட்க நினைத்தது என்ன அண்ணி? தீவைச் சுற்றிப் போவதற்கு வைத்திருக்கிறாயா என்றுதானே? கேட்டிருக்கலாமே! கேட்டாலும் என் பதில் இப்போதுதான் வந்திருக்கும். எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

ஒரு துளி வேண்டாம் என்று நான் ஏன் எழுதினேன்? கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நான் பெருமைக்காகச் சேர்த்த வாக்கியம் அது. அண்ணனுக்கு அது கட்டளை என்று தெரிந்தும் எழுதினேன்.

மரீ தினமும் வந்து, "செய்தி உண்டா?" என்று கேட்கிறாள். ஸ்டூவர்ட் கேட்பதில்லை, ஆனால் எனக்குத் தேநீர் போட்டு வைக்கிறான்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்களைக் கேட்கவே இல்லை பாருங்கள்.

ஹினா

ஃபகாஓஃபோ,
4 ஜூலை 1990

ஹினா,

உயிரோடு இருக்கிறார். முதலில் அதைப் படித்துக்கொள். அழுது முடித்துவிட்டு மற்றதைப் படி.

ஜூன் ஐந்தாம் தேதி வெளுக்கும்போது கிளம்பினார். அதற்கு முன்னால் நான் அவரிடம் கேட்டேன், நீ ஊகித்ததேதான்: "சுத்திப் போறதுக்கு வச்சிருக்காளா?" "அவ வைக்காம இருப்பாளா? நெப்டியூனுக்கே வழி தெரிஞ்சவ!" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்று வீட்டில் கெஞ்சிப் பன்னிரண்டு லிட்டர் வாங்கி ஒரு கேனில் ஊற்றி, படகின் முன்பக்கம் தேங்காய்களுக்கு அடியில் மறைத்து வைத்தேன். படகு கண்ணுக்கு மறையும் வரை நின்றேன். நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். தண்ணீர்த் தொட்டி அடியில் அந்தக் கேன் நின்றுகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்திருக்கிறார், சத்தம் போடாமல் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னவர் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. பத்தாம் நாள் இரண்டு படகுகள் தேடப் போயின. பாதி வழியில் அலை விடவில்லை, திரும்பிவிட்டார்கள். அந்த ஆண்கள் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்கள். அப்போதுதான் நான் நிஜமாகப் பயந்தேன். தினமும் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கேன். நகர்த்தி வைக்கவும் பயம், நகர்த்தினால் அவர் வர மாட்டார் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. உன்னைத் திட்டினேன். வாய்விட்டு, பேர் சொல்லித் திட்டினேன். கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை, அதையும் தெரிந்துகொள்.

இன்று காலை கப்பல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து, நுகுநோனு வழியாக வந்தது. பாறை விளிம்பில் போய் நின்றேன். முதலில் தபால் பை இறங்கியது. பிறகு அரிசி மூட்டைகள். பிறகு என் அம்மா, தன் புண் காலோடு, எல்லோரையும் திட்டிக்கொண்டே இறங்கினாள். "உன் புருஷனுக்குக் கண்ணு எங்கடி இருக்கு? அவ்வளவு பெரிய தீவு அவனுக்குத் தெரியலையாம்!" அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் அவரைத் தூக்கி இறக்கினார்கள். நான் அழவில்லை. ஓடிப்போய் அடித்தேன். ஊரே பார்த்தது.

பெட்ரோல் நீ எழுதிய இடத்தில்தான் தீர்ந்ததாம், பாறைக்கு முன்னால். துடுப்புப் போட்டுப் பார்த்திருக்கிறார். தீவின் ஓரமாகப் படகு விலகி வெளிக்கடலுக்கு நழுவியிருக்கிறது. "வெளிய போனா நான் என்ன ஆனேன்னு உனக்குத் தெரியவே தெரியாது. பாறையில மோதினா உடம்பாவது கெடைக்கும்னு நெனச்சேன்" என்றார். வேண்டுமென்றே படகைத் திருப்பி அலைக்குக் கொடுத்திருக்கிறார். படகு இல்லை, எஞ்சின் இல்லை, வலது பாதத்தில் எலும்பு முறிவு. ஆளில்லாத கரையில் ஒன்றரை நாள் தவழ்ந்து போயிருக்கிறார். பிறகு காய்ச்சல், பிறகு கடல் கொந்தளிப்பு. சேதி சொல்ல வழியில்லை.

இந்த ஊரில் அவர் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? "தூங்கிட்டேன். என் தப்பு." அவ்வளவுதான். உன் இரண்டு கடிதமும் இன்றைய பையில் இருந்தன. படித்துக் காட்டினேன். வியாழனுக்குள் புகுந்த இடத்தில் சிரித்தார். இரண்டாவதை மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு, "பாவம், தங்கச்சிக்கு எவ்வளவு பயமா இருந்திருக்கும்" என்றார். எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன்.

கம்பம் வந்துவிட்டது. நட ஆள் இல்லை.

அவரே ஏதோ எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். நான் படிக்கவில்லை.

அகெனேஹே

(இணைப்பு)

தங்கச்சி ஹினாவுக்கு அண்ணன் ஃபலனிகோ எழுதுவது. நலம். கால் சரியாகிவிடும். அண்ணி கோபமாக எழுதியிருப்பாள், பாதியைக் குறைத்துக்கொள். படிப்பை விடாதே. மாமியார் கால் இங்கே ஆறிவிட்டால் ஆகஸ்ட் கடைசியில் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். மைத்துனன் படகு தருகிறான். மறுபடியும் கணக்குப் போட்டு அனுப்பு. இந்தத் தடவை தீவுக்கு அளவு வைத்திருப்பாய். நீ சொல்கிறபடியே போவேன்.

பொரிருவா,
19 ஜூலை 1990

அன்புள்ள அண்ணா, அன்புள்ள அண்ணி,

நான் நலம். அத்தையும் நலம், எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன், கன்னத்தில் ஓர் அறை கொடுத்தாள், பிறகு சோறு போட்டாள். போட்டியில் எங்களுக்குக் கடைசி இடம். வியாழனுக்கு உடம்பு வைத்து மறுபடி தேடினோம். வழி கிடைத்தது, சிக்கனம்தான் குறைவு. கலம் வெளியிலேயே போகிறது.

அண்ணி, உங்கள் கோபம் முழுக்க எனக்கு வேண்டியதுதான். அண்ணா சொல்வது போல நான் பாதியைக் குறைக்கவில்லை.

அண்ணா, உங்கள் நான்கு வரியைப் பல தடவை படித்துவிட்டேன். நீங்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுபடியும் என்னையே கேட்கிறீர்கள். போகாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அண்ணியின் அம்மா வீட்டுக்குப் போகத்தான் வேண்டும், நீங்களும் போகத்தான் போவீர்கள். நான் எண் அனுப்பாவிட்டால் பழைய எண்ணோடு போய்விடுவீர்களோ என்று அதற்கும் பயம்.

ஆகவே கேளுங்கள். சுற்றிப் போவதற்கும் பலத்த காற்றுக்கும் சேர்த்துக் கணக்கு நாற்பத்தைந்து லிட்டர். மூன்று தடவை போட்டேன், மரீ தனியாகப் போட்டாள், ஸ்டூவர்ட் தனியாகப் போட்டான். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. நான் மறந்த இன்னொன்று இதிலும் இருக்கும். என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்தால் சேர்த்திருப்பேன்.

அதற்கு மேல், அண்ணி ஒரு கேன் வைப்பார். தேங்காய்க்கு அடியில் தேட வேண்டாம். எவ்வளவு என்று கேட்க வேண்டாம். இறக்கி வைக்க வேண்டாம்.

இது உங்கள் தங்கை சொல்.

ஹினா